கப்பலுக்குக் காத்திருந்த வீட்டுச் செய்திகள்

பழைய மிஷனரிக் கடிதங்களைப் படிக்க நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், எந்த ஊரில் யாரோடு என்ன வாதம் நடந்தது என்று வரும் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுவேன். யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் குழந்தை பிறந்தது, மருந்துப் பெட்டி வந்ததா, அரிசி என்ன விலை என்று வரும் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இந்தப் புத்தி இயல்பாகவே வரும். எங்கள் உத்தர வீதியில் நியூஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போனை வைத்ததும் திண்ணையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "என்னவாம், எல்லாரும் சௌக்கியமா?" என்றுதான். வேலை எப்படி என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வரும்.

படித்தது தெப்பக்குளத்துப் பக்கம், பிஷப் ஹீபர் பள்ளியில். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போய், மெயின்கார்டு கேட் கூட்டத்தில் இடிபட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். ஹீபர் யார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பரீட்சைக் காகிதத்தின் தலைப்பில் வரும் ஒரு பெயர், அவ்வளவுதான். அந்த மனிதருக்குக் கல்கத்தாவில் ஒரு மனைவியும் இரண்டு சின்னப் பெண்களும் காத்திருந்தார்கள் என்பது தெரியவே எனக்கு நாற்பது வயதாயிற்று.

ஹீபருக்கு முன்னால் சுவார்ட்ஸ் ஐயர்.

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவில் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது, பெயரும் ஸ்வோன்ஸ்க் என்று மாறிவிட்டது. அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே தாய் இறந்துபோனார். சாகும் தறுவாயில், "இந்தப் பிள்ளையைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன்" என்று கணவரிடமும் ஊர்ப் பாதிரியாரிடமும் சொல்லிவிட்டுப் போனாராம். நம்மூரில் பழனிக்கு நேர்ந்துகொள்வதில்லையா, அப்படி. வளர்ந்து ஹாலே நகரத்துக்குப் படிக்கப் போன இடத்தில், தமிழ்நாட்டில் இருந்து திரும்பியிருந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸே தமிழ் வேதாகம அச்சு வேலைக்காக ஆள் தேடிக்கொண்டிருந்தார். சுவார்ட்ஸ் அங்கேயே தமிழ் கற்கத் தொடங்கிவிட்டார். இந்தியாவுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது, அவர் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று நாள் அவகாசம் கேட்டு மாடி அறைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் இறங்கி வந்து ஆசீர்வாதம் பண்ணி, பிறந்த மண்ணையும் தகப்பன் வீட்டையும் மறந்துவிடு என்று சொல்லி அனுப்பினார். மகன் தன் பங்குச் சொத்தைக் கூடப்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

1750இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1798 பிப்ரவரி 13ஆம் தேதி தஞ்சாவூரில் இறந்தார். இடைப்பட்ட 48 ஆண்டுகளில் ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை.

இதைத் தியாகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது பிரசங்கத்தில் வழக்கம். எனக்கு அந்த மூன்று நாள்தான் மனதில் நிற்கிறது. மாடியில் அந்த மனிதர் என்ன யோசித்திருப்பார்? மனைவி நேர்ந்துவிட்டுப் போன பிள்ளை. போனால் திரும்பாது என்று தெரியும். செத்தாலும் செய்தி வர ஒரு வருஷம் ஆகலாம் என்றும் தெரியும். அந்தக் காலத்துக் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வரவேண்டும், காற்று ஒத்துழைத்தால் ஆறேழு மாதம். கரையை விட்டுக் கிளம்புவதற்கும் பருவம் உண்டு, வடகிழக்குப் பருவக்காற்று கொந்தளிக்கும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் கப்பல் நிற்காது. எழுதிய கடிதம் கப்பலுக்குக் காத்திருந்து, போய்ச் சேர்ந்து, அவர்கள் பதில் எழுதி, அது திரும்பிவர ஒன்றரை இரண்டு வருஷம். "அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது" என்ற கேள்விக்கு நியாயமான பதிலே கிடையாது. பதில் வரும்போது அந்த உடம்பே இருக்கிறதோ இல்லையோ.

இந்தக் கடிதங்கள் எப்படி நம் கைக்கு வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1710 முதல், ஹாலேயில் இருந்தவர்கள் மிஷனரிகளின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து அச்சிடத் தொடங்கினார்கள். ஐரோப்பா முழுக்க அதைப் படித்தார்கள், படித்தவர்கள் காணிக்கை அனுப்பினார்கள். அந்தப் பணத்தில்தான் இங்கே பள்ளிக்கூடமும் உபதேசியார் சம்பளமும் நடந்தன. ஆகவே கடிதம் எழுதுவது ஓய்வுநேர வேலை இல்லை, அதுவும் ஊழியத்தில் ஒரு பங்குதான். அச்சுக்குப் போகும் முன் ஹாலேயில் பத்திராதிபர்கள் கத்திரியும் போட்டார்கள். மிஷனரிகளுக்குள் நடந்த சண்டை, மனத்தாங்கல், சங்கடமான சமாசாரம் எல்லாம் வெட்டுப்பட்டன. காசு கொடுக்கிறவருக்கு என்ன பிடிக்குமோ அது நின்றது.

அதனால்தான் என் குறுக்குவழி. பிரசங்கப் பகுதியை எழுதும்போது எழுதுகிறவர் கண் முன்னால் காணிக்கைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சலைப் பற்றி எழுதும்போது அவர் மறந்துபோகிறார்.

சுவார்ட்ஸ் 1762இல் திருச்சிக்கு வந்தார். ஆற்காட்டு நவாபின் ஊர், கோட்டைக்குள் கம்பெனிப் பட்டாளம். வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அவரை அங்கே பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 48 பவுன் வருமானம். ஒரு பழைய கட்டடத்தில் கட்டிலும் ஆளும் மட்டும் கொள்ளுகிற அளவுக்கு ஓர் அறை. நம்மூர்ப் பக்குவத்தில் சமைத்த சோறும் காய்கறியும். கறுப்புச் சாயம் தோய்த்த துணியில் ஓர் அங்கி. பட்டாளத்து அதிகாரிகளின் பங்களா விருந்துகளுக்கு நடுவில் இப்படி ஒருவர். சாம்பாரா ரசமா என்று சேம்பர்ஸ் எழுதவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான்.

மலைக்கோட்டைக்குக் கீழே வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்து, பட்டாளத்துக்காரர்கள் பலர் செத்துப்போய், பிள்ளைகள் அநாதையாய் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக அவர் பள்ளிக்கூடம் வைத்தார். செயின்ட் ஜான்ஸ் வெஸ்ட்ரி பள்ளி தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் 1763ஆம் ஆண்டு அங்கிருந்து வருவதுதான். 1766இல் கோட்டைக்குள் கிறிஸ்து நாதர் ஆலயம் எழும்பியது. தெப்பக்குளத்துப் பக்கம் புடவைக் கடைக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். மலைமேல் உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். காலாற நடக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. அவருடைய நாட்குறிப்பில் எங்கள் ஸ்ரீரங்கமும் வருகிறது. ஆற்றைத் தாண்டி வந்து, திருவிழாக் கூட்டத்தில் வழிப்போக்கர்களோடும் பிராமணர்களோடும் பேசிக்கொண்டிருப்பாராம். யார் வாதத்தில் ஜெயித்தார்கள் என்று நாட்குறிப்பு சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எழுதினவர் ஒரு கட்சி, கேட்டவர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. உத்தர வீதித் திண்ணையில் அதற்கு வேறு ஒரு பாடம் ஓடியிருக்கும். "பாவம், நல்ல மனுஷன், தமிழும் நன்னாப் பேசறான், வெயில்ல எதுக்கு இப்படி அலையறானோ" என்று.

சரி, வீட்டுச் செய்திக்கு வருகிறேன். சுவார்ட்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவரைப் போல் பிள்ளைகள் சூழ வாழ்ந்தவர் அந்தக் காலத் திருச்சியில் குறைவு.

தரங்கம்பாடியில் யோகான் பல்தாசர் கோல்காப் என்று ஒரு மிஷனரி, 1737இல் வந்தவர். அவர் மகன் யோகான் காஸ்பர் தரங்கம்பாடியிலேயே 1762இல் பிறந்தான். பையனை வளர்த்துப் படிக்கவைக்க சுவார்ட்ஸிடம் ஒப்படைத்தார்கள். 1787 ஜனவரியில் தரங்கம்பாடியில் அவனுக்குக் குருப்பட்டம் நடந்தபோது, பெற்ற அப்பாவும் வளர்த்த அப்பாவும் ஒரே ஆலயத்தில் நின்றார்கள். பெற்றவர் வந்து அப்போது 50 வருஷம் ஆகியிருந்தது. அந்த நாளைப் பற்றி சுவார்ட்ஸ் எழுதியதில் ஒரு தகப்பனின் பூரிப்பு அப்பட்டமாகத் தெரிகிறது, ஹாலேயின் கத்திரியால்கூட அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்னொரு பையன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். பன்னிரண்டு வயதில் அவனை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் வந்தார். அவன்தான் பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். மூன்றாவது பிள்ளை அரசகுமாரன். தஞ்சை துளஜா மன்னர் சாகுமுன் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைக் காக்கும் பொறுப்பு சுவார்ட்ஸிடம் வந்து சேர்ந்தது. இப்படி ஒரு ஜெர்மன்காரப் பிள்ளை, ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு மராத்திப் பிள்ளை. மூவரும் மூன்று வழியில் பெரியவர்களானார்கள். சரபோஜி கடைசி வரை மதம் மாறவில்லை. ஆனால் கிழவர் இறந்தபோது அழுதார், லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு பளிங்கில் நினைவுச்சின்னம் செய்வித்தார். சாகும் படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருக்கும் காட்சி அது. தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம். ஞானஸ்நானக் கணக்குப் புத்தகத்தில் சரபோஜிக்கு வரி இல்லை. அந்தப் பளிங்கு எந்தக் கணக்கில் வரும் என்று காணிக்கைக்காரர்கள்தான் சொல்லவேண்டும்.

1779இல் கம்பெனி அவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பியதும், ஐதர் வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தை அவர் அநாதைப் பள்ளிக்கே ஆக்கியதும் பல இடங்களில் எழுதப்பட்ட கதை, விட்டுவிடுகிறேன். கம்பெனியோடு அவருக்கு இருந்த நெருக்கம் எனக்கு உவப்பான விஷயம் இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தபின் திருச்சியைப் பார்த்துக்கொண்டவர் கிறிஸ்டியன் போலே. ஏறக்குறைய 40 வருஷம் இந்த ஊரிலேயே இருந்து 1818இல் இங்கேயே இறந்தார். அவர் பெயரில் கல்லூரி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. திருச்சிக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் தெரியாது. மூன்றே நாள் இங்கே இருந்தவர் பெயரில் எல்லாம் இருக்கிறது.

அந்த மூன்று நாள்காரர்தான் ரெஜினால்ட் ஹீபர்.

கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப். 1823இல் மனைவி அமெலியாவோடும் கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகள் எமிலியோடும் இந்தியா வந்தார். முதல் குழந்தை இங்கிலாந்திலேயே, பிறந்த சில மாதங்களில் இறந்துபோயிருந்தது. அடுத்த பெண் ஹாரியட் 1824இல் கல்கத்தாவில் பிறந்தாள். அன்றைக்குக் கல்கத்தா பிஷப்பின் எல்லை இந்தியா முழுக்க, இலங்கை, ஆஸ்திரேலியா வரை. வடஇந்தியப் பயணத்துக்குக் கிளம்பியபோது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அமெலியா கூடப் போக முடியவில்லை. அவர் மாதக்கணக்கில் படகிலும் குதிரையிலும் போய்க்கொண்டே, பார்த்ததையெல்லாம் மனைவிக்கென்று நாட்குறிப்பாக எழுதினார். பிற்பாடு அமெலியா கப்பலில் பம்பாய் வந்து சேர்ந்துகொண்டார். மூத்தவளை மட்டும் கூட்டிக்கொண்டு, சின்னவளைக் கல்கத்தாவில் விட்டுவிட்டு. எந்தக் குழந்தையைத் தூக்கிக்கொள்வது, எதை விட்டுவிட்டுப் போவது என்ற இந்தக் கணக்கு மிஷனரிக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பிஷப் வீட்டுக்கும் விலக்கில்லை.

1826 தொடக்கத்தில் தெற்கே கிளம்பினார், இந்தத் தடவையும் தனியாக. ஈஸ்டர் ஞாயிறு தஞ்சாவூரில். சுவார்ட்ஸின் சபையைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். தமிழில் ஆசீர்வாதம் சொல்லும் அளவுக்குச் சில வரிகள் பாடம் பண்ணிக்கொண்டார். ஏப்ரல் 1ஆம் தேதி திருச்சி. மறுநாள் ஞாயிறு, செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் பிரசங்கமும் திடப்படுத்தலும். திங்கட்கிழமை, ஏப்ரல் 3, விடியும்போதே கோட்டைக்குள் இருக்கும் கிறிஸ்து நாதர் ஆலயத்துக்குப் போய்த் தமிழ்ச் சபையைப் பார்த்தார். கட்டடம் பாழ்பட்டுக் கிடந்தது. சபையிடமும் கையில் ஒன்றும் இல்லை. மனம் வாடித் திரும்பினார். சித்திரை நெருங்கும் திருச்சி வெயில் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. தங்கியிருந்த பங்களாவில் குளிப்பதற்கென்று ஆழமான நீர்த்தொட்டி இருந்தது. அதில் இறங்கினார். நெடுநேரமாகியும் சத்தமே இல்லாததால் வேலைக்காரர் போய்ப் பார்த்தபோது தண்ணீருக்குள் உயிரற்றுக் கிடந்தார். 43 வயது முடிய இன்னும் 18 நாள் இருந்தது.

செயின்ட் ஜான்ஸ் ஆலயத்துக்குள்ளேயே புதைத்தார்கள். கல்கத்தாவில் அமெலியாவுக்குச் செய்தி போய்ச் சேரும் வரை அவள் உயிரோடிருக்கும் கணவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருப்பாள். அந்தக் காலத்து விதவைகள் எத்தனையோ பேருக்கு இதுதான் நடந்தது. இறந்த நாள் ஒன்று, விதவையான நாள் ஒன்று. அமெலியா அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. தனக்கென்று எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பைச் செப்பனிட்டு 1828இல் புத்தகமாக்கினாள். 1830இல் கணவனின் வாழ்க்கை வரலாறும் வந்தது. ஹீபரை உலகம் படித்தது என்றால் அது அவள் கைவேலை. கல்லூரிக்கும் பள்ளிக்கும் அவர் பெயர் வைத்தது சரி, நூலகத்துக்காவது அவள் பெயரை வைத்திருக்கலாம்.

ஹீபரைப் பற்றி ஒரு கசப்பையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, 1819இல், அவர் எழுதிய பிரசித்தமான மிஷன் பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் இலங்கையின் இயற்கையைப் புகழ்ந்துவிட்டு மனிதர்களை இழிவாகப் பேசுவார். 1925இல் கல்கத்தாவில் மிஷனரிகள் கூட்டத்தில் பேசியபோது காந்தி அதைச் சுட்டிக்காட்டி, தனக்கு அது உறுத்துகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். உறுத்தத்தான் செய்யும். பார்க்காத ஊரைப் பற்றி எழுதிய பாட்டு அது. பார்த்தபின் எழுதிய நாட்குறிப்பில் இருப்பவர் வேறு ஆள். குதிரைக்காரனையும் படகுக்காரனையும் விவசாயியையும் நின்று கவனிக்கிறார், ரசிக்கிறார், சில இடத்தில் தன் இனத்தாரின் திமிரைக் கடிந்துகொள்கிறார். மனைவிக்கு எழுதும்போது ஆள் நல்லவராகிவிடுகிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிள்ளைகளை விட்டுப் பிரியும் கணக்குக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது ஹீபரோடு முடியவில்லை. ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1819இல் மனைவி ஹாரியட்டோடும் சின்ன மகளோடும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார். வழியில் கல்கத்தாவில் இறங்கியதுமே அந்தக் குழந்தை இறந்தது. பிற்பாடு பிறந்த மகன்கள் ஏழு பேரும் மிஷன் வேலைக்கே வந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பேத்தி ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தாள். அவளை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாய் தந்தை இந்தியா திரும்பினார்கள். அழுத அழுகை அவளுக்கு ஆயுசுக்கும் மறக்கவில்லை. மிஷனரியாகவே மாட்டேன் என்று இருந்தவள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனத்துக்கு வந்தாள். ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள், ஆண் மருத்துவர் கூடாது என்று வீட்டார் மறுத்ததால், பெண் மருத்துவர் இல்லாமல் இறந்துபோனதைப் பார்த்தாள். அதிலிருந்து வேலூர் சி.எம்.சி. வந்த கதை எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு தடவையாவது சீட்டு வாங்கி உட்கார்ந்த அனுபவம் இருக்கும்.

கொடைக்கானலே இப்படிப் பிறந்த ஊர்தான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவிலும் காய்ச்சலிலும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பறிகொடுத்து, 1845இல் மலைமேல் இரண்டு பங்களா கட்டினார்கள். 1901இல் அங்கே மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் வந்தது. நாம் ஹனிமூனுக்குப் போகிற ஏரிக்கரைக்குப் பின்னால் குழந்தைகளை அடக்கம் செய்த ஒரு வரலாறு இருக்கிறது.

கத்தோலிக்கக் குருமாருக்குக் குடும்பமே கிடையாதே, அவர்கள் வீட்டுச் செய்தி என்ன என்று கேட்கலாம். அம்மா இல்லாத ஆளா? 1838இல் சேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்ப வந்தபோது வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பின்னர் வந்தவர்களிலும் தென்மேற்குப் பிரான்சின் துலூஸ் பகுதிக்காரர்கள் நிறைய. இளவயதில் வந்து காலராவில் மாண்டவர்களும் நிறைய. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரியை அவர்கள் 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். கல்லூரிக்குப் பக்கத்தில் ஆலயம் கட்டினபோது அதற்கு லூர்து மாதா பெயர். லூர்து நகரமும் அதே தென்மேற்குப் பிரான்சில்தான், அங்கே மாதா காட்சி தந்தது 1858இல். அதாவது அந்தக் குருமார்களில் சிலர் சிறுவர்களாக இருந்தபோது தங்கள் பகுதியில் நடந்து, வீட்டில் அம்மா சொல்லிக் கேட்ட செய்தி அது. பக்திக் காரணம் இருக்கட்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கூர்ங்கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஊர் ஞாபகத்தில் கட்டிய கோபுரம் என்றுதான் எனக்குப் படும். ஆதாரம் கேட்காதீர்கள், நம்மவர்கள் அமெரிக்காவில் பொமோனா என்ற ஊரில் ரங்கநாதருக்குக் கோயில் கட்டியிருப்பதைப் பார்த்தவன் ஊகம் இது.

இப்போது காற்று வேறு திசையில் அடிக்கிறது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, திருநெல்வேலிக்காரர்கள் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியம் செய்யப் போனார்கள். மொழி தெரியாது, சாப்பாடு வேறு, காய்ச்சல் பழசு. அவர்களுக்கு அதுதான் வெளிநாடு. பின்னால் வந்த நண்பர் சுவிசேஷ ஜெபக் குழு தமிழ்க் குடும்பங்களை குஜராத், பீகார் என்று வடக்கே அனுப்பியது. அவர்கள் பிள்ளைகள் படிக்க டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்று விடுதிப் பள்ளி வைத்தார்கள். ஐடா ஸ்கடர் சிறுமியாக அழுத அதே அழுகையை நம்ம பிள்ளைகளும் அழுதிருக்கும், ரயில் நிலையத்தில், தமிழில். இந்த மாதிரிச் சங்கங்களின் மாதப் பத்திரிகைகளைப் பார்த்திருக்கிறீர்களா? நடுப்பக்கத்தில் குடும்பப் படங்கள், பிறந்தநாள் பட்டியல், "இன்னாருடைய மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறான், ஜெபித்துக்கொள்ளுங்கள்", "சகோதரிக்குப் பிரசவ காலம்", "வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகுகிறது". ஹாலேயில் கத்திரித்துத் தள்ளியதை எல்லாம் இவர்கள் ஜெபக் குறிப்பு என்று பெயர் வைத்து முதலில் போடுகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. அதிலும் சொல்லாமல் விடுவது இருக்கும்தான். ஊர்க்காரர் எதிர்ப்பைப் பற்றி எழுதுகிற அளவுக்கு, அந்த ஊர்க்காரருக்கு இவர்கள் எப்படித் தெரிகிறார்கள் என்று எழுதமாட்டார்கள். சுவார்ட்ஸின் ஸ்ரீரங்கத்துக் குறிப்பில் என்ன குறையோ அதே குறைதான்.

இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டது. ஜெர்மனியில் குருமார் பற்றாக்குறை. அங்கே பல பங்குகளில் இப்போது பூசை வைப்பவர்கள் இந்தியர்கள், அதில் தமிழர்களும் உண்டு. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இந்தியக் கன்னியர்கள். சுவார்ட்ஸ் நாட்டுக்கு நம்மூர்ப் பிள்ளைகள் ஊழியத்துக்குப் போகிறார்கள்.

மேலப்புதூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெரிய பெண் அப்படிப் போன கன்னியர். ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் வேலை. சாயந்திரம் வேலை முடிந்து அவர் கூப்பிடும்போது இங்கே ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். அம்மா தூங்காமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது.

"என்னடி, முகம் வத்திப்போய் இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா. ரொட்டியும் உருளைக்கிழங்கும்."

"தினமும் அதேவா?"

"இன்னைக்கு ஒரு பாட்டி இறந்துட்டாங்கம்மா. தொண்ணூத்தாறு வயசு. மகன் வந்து சேர முடியலை. நான்தான் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஜெபம் சொன்னியா?" என்றார்.

"சொன்னேன். அவங்க பாஷையில பாதி, நம்ம பாஷையில பாதி."

அப்புறம் பேச்சு தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டது. மண்டபம் கிடைத்ததா, லீவு கிடைக்குமா, பட்டுப்புடவை தனக்கு வேண்டாம், ஆனால் அத்தைக்கு எடுத்துவிடு, இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

பிரெஞ்சுச் சாமியார்களின் தாய்மார் யாரும் இந்த மாதிரி முகம் வற்றியதைப் பார்த்ததில்லை. மகள் முகத்தைத் தினம் பார்க்கும் இந்த அம்மாவுக்கு மனசு ஆறிவிடுகிறதா என்றால் அப்படியும் இல்லை. "பாக்கப் பாக்கத்தான் தம்பி கவலையா இருக்கு. லெட்டர்னா நல்லதை மட்டும் எழுதியிருப்பா" என்றார் என்னிடம். சபையில் யாராவது விசாரித்தால் மட்டும், "நல்லா இருக்கா, பெரிய ஊழியம்" என்று சொல்லிவிடுகிறார். கத்திரி இப்போது அம்மா கையில் இருக்கிறது.

கோல்காப் குடும்பத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். தரங்கம்பாடியில் பிறந்து சுவார்ட்ஸ் கையில் வளர்ந்த காஸ்பர் கோல்காப் 1844இல் இறந்தார், ஐரோப்பாவையே பார்க்காமல். அவர் மகன் கிறிஸ்டியன் சாமுவேல் கோல்காப்பும் பாதிரியாராகி, நம்ம திருச்சிக்குப் பக்கம் இருங்களூரில் ஊழியம் செய்து 1881இல் காலமானார். 1737 முதல் 1881 வரை மூன்று தலைமுறை. தாத்தாவுக்குத் தமிழ்நாடு வெளிநாடு. பேரனுக்கு ஜெர்மனிதான் வெளிநாடு. அவர் வீட்டுச் செய்தியை எழுதுவதற்கு அங்கே யார் இருந்தார்கள்? சமயபுரம் தாண்டிச் சென்னை சாலையில் போகும்போது வலப்பக்கமோ இடப்பக்கமோ என்று தேடாமல், இருங்களூர் எங்கே என்று டீக்கடையில் கேட்டால் வழி சொல்வார்கள். பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அடுத்த தடவை சமயபுரத்துக்குப் போகும் சாக்கில் அந்தப் பக்கமும் போய்விட்டு வரலாம் என்றிருக்கிறேன். வீட்டில், "மாரியம்மனைப் பாக்கப் போறேளா, பாதிரியைப் பாக்கப் போறேளா?" என்று இப்போதே கேட்டாகிவிட்டது.